பிள்ளைகளுக்கு அட்வென்ட் காலண்டர்: முதன்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நவம்பர் பாதி கடந்துவிட்டால், குமரி மாவட்டத்தின் கேரள எல்லைப் பக்கம், களியக்காவிளை, மார்த்தாண்டம் கடைகளின் முன்னால் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். குடிலுக்கு வைக்கோல், சீரியல் பல்பு, ஆட்டுக்குட்டி பொம்மை எல்லாம் நமக்குப் பழகிய சாமான்கள்தான். இவற்றோடு சில வருடங்களாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எண் போட்ட சின்னச் சின்னக் கதவுகள் வைத்த அட்டை, அதாவது அட்வென்ட் காலண்டர். அட்வென்ட் என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம். கல்ஃபிலிருந்து வருகிற மாமா பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார். இல்லையென்றால் திருவனந்தபுரத்து மாலில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். வாங்கலாமா, எதை வாங்குவது, வாங்கிவந்து என்ன செய்வது என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தாளை யார் கிழிப்பது என்று காலையில் பிள்ளைகளுக்குள் நடக்கும் சண்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டையையே விளையாட்டாக மாற்றிவைத்ததுதான் இது. டிசம்பர் 1 முதல் ஒரு நாளைக்கு ஒரு கதவு. திறந்தால் உள்ளே ஒரு படமோ மிட்டாயோ பொம்மையோ இருக்கும். நாளைய கதவை இன்றைக்குத் தொடக்கூடாது. விதி இவ்வளவுதான்.

ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் வீடுகளில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பழக்கம் இது. கதவில் 24 சாக்பீஸ் கோடு போட்டுவைத்து, பிள்ளைகள் தினம் ஒன்றாக அழிப்பார்கள். சிலர் தினம் ஒரு படத்தைச் சுவரில் மாட்டினார்கள், சிலர் தினம் ஒரு வைக்கோலைத் தொட்டிலில் வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கில் அச்சகம் வைத்திருந்த கெர்ஹார்ட் லாங் என்பவர் இதை அச்சிட்டு விற்றார். சின்ன வயதில் அவருடைய அம்மா ஓர் அட்டையில் 24 தின்பண்டங்களைத் தைத்து மாட்டிவைப்பாராம், அந்த நினைவில் செய்ததாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாட்டால் இது நின்றுபோனது. 1946-இல் ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் மறுபடி அச்சிடத் தொடங்கினார். பிரிட்டனில் கேட்பரி நிறுவனம் சாக்லேட் வைத்த காலண்டரைக் கொண்டுவந்தது 1971-இல்தான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைக்குப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது “உள்ளே என்ன இருக்கு?” என்றுதான். ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாத காலத்திலும் பிள்ளைகள் இதற்காகக் காலையில் ஓடிவந்தார்கள். சாமான் எதுவானாலும் “இன்றைக்கு ஒன்றுதான்” என்ற விதி 24 நாளும் உடையாமல் நிற்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

முதலில் தேதி

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்த நாளிலும் விழலாம். 2026-இல் நவம்பர் 29, 2027-இல் நவம்பர் 28. கடையில் விற்கும் காலண்டர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. எல்லா வருடத்துக்கும் பொருந்துவதற்காக டிசம்பர் 1-இல் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலானவற்றில் 24 கதவு இருக்கும். ஜெர்மனியில் 24 மாலையிலேயே பரிசு கொடுத்துவிடுவார்கள் என்பதால் அந்த எண். சிலவற்றில் 25 இருக்கும். நம் பக்கம் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிற வீடானாலும் சரி, 25 விடியற்காலை ஆராதனைக்குப் போகிற வீடானாலும் சரி, 24-இல் முடிவதுதான் வசதி. கிறிஸ்துமஸ் காலையில் புதுத்துணி, கேக், வந்துபோகிற சொந்தக்காரர்கள் என்று இருக்கும்போது 25-ஆம் கதவை யாரும் சீந்தமாட்டார்கள்.

எல்லைப் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. சீரோ மலங்கரை, சீரோ மலபார் என்ற கேரளக் கத்தோலிக்க சபைகளைச் சேர்ந்த வீடுகளில் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இருப்பார்கள். இறைச்சியும் மீனும் விட்டுவிடுவார்கள், அதற்குமேல் வீட்டுக்கு வீடு கூடும் குறையும். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும், பெரியவர்கள் நோன்பு இருக்கும் வீட்டில் தினம் ஒரு சாக்லேட் என்று ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பது பொருந்தாது. பக்கத்து வீட்டுச் சேச்சியின் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்குகிறீர்கள் என்றால் படம் வைத்ததையோ பொம்மை வைத்ததையோ பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குவதானால் நவம்பர் 15-க்குள் கையில் வந்துவிடும்படி ஆர்டர் போடுங்கள். டிசம்பர் 5 அன்று வந்து இறங்கும் காலண்டரில் ஐந்து கதவையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டு, மறுநாள் ஒன்றுதான் என்றால் எந்தப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளாது.

பிறகு பிள்ளை

மூன்று வயதுக்குக் கீழே என்றால் சின்னச் சாமான் உள்ள எதுவும் வேண்டாம். இந்த வயதில் எதுவும் நேராக வாய்க்குத்தான் போகும். கதவைத் திறந்தால் படம் தெரிகிற காகிதக் காலண்டர் போதும். அதையும் நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே நாளில் 24 கதவும் திறந்துவிடும்.

நாலு, ஐந்து வயதுதான் காகிதக் காலண்டருக்குச் சரியான வயது. நல்ல காலண்டரில் எண்கள் வரிசையாக இருக்காது. 7 ஒரு மூலையில், 8 கூரைமேல், 9 ஆட்டின் வயிற்றில் என்று கலைந்து கிடக்கும். இப்போதுதான் எண் கற்கிற பிள்ளைக்கு அந்தத் தேடலிலேயே பாதி விளையாட்டு முடிந்துவிடும். எண்களை வரிசையாக அச்சிட்ட காலண்டரைப் பார்த்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆறிலிருந்து ஒன்பது வரை சேர்த்துக் கட்டுகிற சாமான் பிடிக்கும். இன்றைக்கு ஒரு சக்கரம், நாளைக்கு ஒரு கதவு, கடைசியில் வண்டி என்று வரும் வகை. ஒரு படத்தை 24 துண்டாக்கித் தரும் புதிர்க் காலண்டர்களும் உண்டு. பத்து வயதைத் தாண்டியவர்கள் “இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு” என்பார்கள். சொல்லட்டும், மாட்டிவைத்துப் பாருங்கள். அவர்களுக்குத் துப்பறியும் கதை, விடுகதை, மூளையைக் கசக்குகிற கணக்கு எடுபடும்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு காலண்டர் வாங்கவேண்டிய அவசியமில்லை. மூத்தவருக்கு ஒற்றைப்படை, இளையவருக்கு இரட்டைப்படை. ஆளுக்கு 12 கிடைக்கும். பெரிய கதவான 24 இளையவர் பக்கம் விழும், முதல் நாளைத் திறக்கும் பெருமை மூத்தவருக்கு. மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 8, நாலு என்றால் 6. சித்தி பிள்ளைகள் சேர்ந்து ஐந்தாகிவிட்டால்தான் சிக்கல், அப்போது மிச்சமாகும் நாலு கதவைத் தாத்தா பாட்டிக்குக் கொடுத்துவிடலாம்.

எந்த வகை?

என்னைக் கேட்டால் முதன்முறை வாங்குபவர்களுக்குக் காகிதக் காலண்டர்தான். விலை குறைவு, எறும்பு வராது, உருகாது. உள்ளே படம் மட்டும்தான் என்றால் பிள்ளைக்கு ஏமாற்றமாக இருக்காதா என்று கேட்பார்கள். முன்பின் சாக்லேட் காலண்டரைப் பார்க்காத பிள்ளைக்கு ஏமாற்றமே இருக்காது. எந்தப் பழக்கத்தில் தொடங்குகிறீர்களோ அதையேதான் அடுத்த வருடமும் எதிர்பார்க்கும். ஒருமுறை பொம்மைக் காலண்டர் வாங்கிவிட்டு அடுத்த வருடம் காகிதத்துக்கு இறங்குவது கஷ்டம். கீழிருந்து மேலே போவது எப்போதும் நடக்கும்.

சாக்லேட் காலண்டரில் சாக்லேட்டைவிட அட்டையும் பிளாஸ்டிக்கும் அதிகம். அட்டையின் பின்புறம் நிகர எடை 75 கிராம் என்று இருந்தால் ஒரு கதவுக்கு 3 கிராம் சுமார், ஒரு வாய்க்குக்கூடக் காணாது. சர்க்கரை அதிகமாகப் போகிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு இது நல்ல செய்திதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி சுமாருக்கு உருகிவிடும். கண்ணாடி ஏற்றிய காரின் பின்சீட்டில் ஒரு மணிநேரம் வைத்தால் போதும். உருகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளை பூத்ததுபோல் ஆகிவிடும். அது பூசணம் இல்லை, கொழுப்பு மேலே வந்திருக்கிறது, தின்னலாம். ஆனால் நட்சத்திரமும் மணியும் இருந்த அச்சுக்குள் கூழாகக் கிடக்கும், பிள்ளை அழும். பயந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது ஈரம் கோத்துச் சாக்லேட் சொரசொரப்பாகிவிடும். அதனால் வீட்டிலேயே காற்றோட்டமான, வெயில் படாத சுவர்தான் இதற்குச் சரி. எறும்பு இன்னொரு தொல்லை. பெட்டி வடிவக் காலண்டர் என்றால் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் நிறுத்துங்கள். அட்டை வடிவம் என்றால் தினமும் திறந்து முடித்ததும் மூடி இறுகலாக உள்ள டப்பாவுக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு. அப்புறம் ஒன்று, பெரியவர்களுக்கென்று மது ஊற்றிய சாக்லேட் காலண்டர்களும் விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருவதில் படத்தை மட்டும் பார்க்காமல் எழுத்தையும் படித்துவிடுங்கள்.

லெகோ, பிளேமொபில் போன்ற பொம்மைக் காலண்டர்கள் பார்க்க அழகு. தினம் ஒரு குட்டிச் சாமான், கடைசியில் ஒரு முழுக் காட்சி கிடைக்கும். பணம் இருந்து, பிள்ளை ஏற்கெனவே அந்தப் பொம்மையோடு விளையாடுகிறது என்றால் வாங்கலாம். இல்லையென்றால் அதே விலைக்கு ஒரு நல்ல பொம்மையை வாங்கிக் கிறிஸ்துமஸ் அன்று கொடுப்பதே மேல். பெயரில்லாத மலிவுப் பொம்மைக் காலண்டர்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 24 பிளாஸ்டிக் துண்டுகளில் நாலு மட்டும்தான் விளையாடத் தேறும்.

துணிப்பை வகையும் மரப்பெட்டி வகையும் ஒருமுறை வாங்கினால் வருடாவருடம் நாமே நிரப்பிக்கொள்ளலாம். துணிப்பை வகையைத் தையற்கடையில் மிஞ்சும் ஜாக்கெட் பிட்டில் தைத்துக்கொள்ளவும் முடியும். ஒரு முழம் அகலத் துணியில் நாலு வரிசை, வரிசைக்கு ஆறு பை, மேலே ஒரு கம்பு. பையின் அடி அகலமாக, கொசுவம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தட்டையாகத் தைத்தால் ஒரு நெல்லிக்காய்கூட உள்ளே போகாது.

போனில் வரும் காலண்டர் ஆப்களும் இருக்கின்றன. பிள்ளையைப் போனிலிருந்து கொஞ்ச நேரம் பிரிப்பதற்குத்தானே இதெல்லாம்.

கடையில் நின்று பார்க்கவேண்டியவை

பொம்மை உள்ளதென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பட்டன் பேட்டரி உள்ள எதையும், விளக்கு எரிகிற குட்டி மெழுகுவத்தியானாலும், பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருந்தால் மட்டும் வாங்குங்கள். விழுங்கிவிட்டால் பட்டன் பேட்டரி சில மணிநேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

தின்பண்டம் உள்ளதென்றால் மூன்று விஷயம். காலாவதித் தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், நிலக்கடலை பாதாம் முந்திரி கலந்திருக்கிறதா என்ற குறிப்பு. தேதி முக்கியம். போன வருடம் விற்காமல் தேங்கியதைத் துடைத்து மறுபடி அடுக்கிவைப்பது நடக்கிறது. காலண்டரில் வருடம் போட்டிருக்காது என்பதால் முகப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மரப்பெட்டி என்றால் ஏதாவது ஐந்தாறு அறைகளை இழுத்துப் பாருங்கள். கடையில் காய்ந்து கிடக்கும்போதே சிக்குகிற அறை, வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் ஊறிய வீட்டுக்கு வந்தால் திறக்கவே திறக்காது. அறையின் உள்ளளவையும் பாருங்கள். முகப்பு பெரிதாக இருக்கும், உள்ளே இரண்டு விரல்தான் நுழையும். ஆன்லைனில் படத்தில் மிட்டாய் வழிந்துகொண்டிருக்கும், கீழே சின்ன எழுத்தில் காலியாகத்தான் வரும் என்று இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

படத்தின் கருப்பொருளும் ஒரு விஷயம். தொழுவமும் இடையர்களும் உள்ளவை உண்டு, கிறிஸ்துமஸ் தாத்தாவும் மானும் மட்டும் உள்ளவை உண்டு. காட்டு மிருகங்கள், ரயில் வண்டி என்று கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தமே இல்லாததும் உண்டு. உங்கள் வீட்டுக்கு எது என்று உங்களுக்குத் தெரியும். பரிசாகக் கொடுப்பதென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தீப்பெட்டியில் நாமே செய்வது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 24 காலித் தீப்பெட்டி, ஃபெவிகால், பிரவுன் ஷீட், தடித்த நூல். ஒரு சாயங்காலம் போதும். அக்டோபரிலேயே தெருவில் சொல்லிவைத்தால் காலிப் பெட்டி சேர்ந்துவிடும். புதுப் பெட்டி வாங்கிக் காலி செய்வதானால் குச்சிகளை மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

பெட்டிகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு ஒட்டினால் ஒரு தூண். இப்படி நாலு தூண் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுங்கள். உரசுகிற கறுப்புப் பட்டை பெட்டியின் பக்கவாட்டில்தானே இருக்கிறது, அவை ஒன்றோடொன்று ஒட்டி மறைந்துவிடும். இரண்டு ஓரத்தில் மட்டும் வெளியே தெரியும். அதைச் சேர்த்து நாலு பக்கமும் பிரவுன் ஷீட்டால் சுற்றி ஒட்டிவிடுங்கள். பசை காயும்வரை உள்பெட்டிகளை வெளியே எடுத்து வைத்திருப்பது நல்லது. உள்ளேயே விட்டுவிட்டால் கசிந்த ஃபெவிகாலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கத்தி வைத்துத்தான் பிரிக்கவேண்டும். காய்ந்ததும் ஒவ்வொரு உள்பெட்டியின் முகப்பிலும் ஊசியால் ஓட்டை போட்டு, நூலை நுழைத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டால் இழுக்க வசதி.

எண்ணுக்குப் பழைய மாதக் காலண்டரின் டிசம்பர் தாளை எடுத்து 1 முதல் 24 வரை வெட்டி ஒட்டலாம். தினசரி காலண்டரின் எண் முகப்புக்குள் அடங்காது. வரிசையாக ஒட்டாமல் கலைத்து ஒட்டுங்கள்.

உள்ளே என்ன வைப்பது? ஸ்டிக்கர், பென்சில் சீவி, அழிப்பான், ஒரு சங்கு, கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, உறையோடு சின்ன மிட்டாய், மடித்த பத்து ரூபாய். நம் பக்கம் மரத்தடியில் கிடக்கும், முழுக்கச் சிவப்பான மஞ்சாடி விதையும் பார்க்க அழகு. விவரம் தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாறு வைக்கலாம், தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டு. ஆனால் சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். அதைக் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்தான விஷம். இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறது என்று குழம்புகிறவர்கள் இரண்டையும் விட்டுவிடலாம். கோலிக்குண்டும் விதையும் சின்னத் தம்பி தங்கை உள்ள வீட்டில் வேண்டாம்.

எல்லாப் பெட்டியிலும் சாமான் வைக்கவேண்டியதில்லை. பாதியில் சீட்டு வையுங்கள். “இன்றைக்கு ராத்திரி எல்லாரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிடலாம்.” “பாட்டாவிடம் அவர் சின்ன வயசில் கேரல் பாடப் போன கதையைக் கேள்.” “அடுத்த வீட்டு மாமிக்கு நாலு முந்திரிக்கொத்து கொண்டுபோய்க் கொடு, வழியில் ஒன்றைத் தின்றுகொள்ளலாம்.” “இன்றைக்குச் சாயாவுக்கு என்ன கடி (பலகாரம்) என்று நீதான் முடிவு பண்ணவேண்டும்.” இந்த மாதிரி. “அறையைச் சுத்தம் செய்”, “வாய்ப்பாடு ஒப்பி” என்று எழுதிவைப்பது போங்கு. இரண்டு நாள் அப்படி வந்தால் மூன்றாம் நாள் பெட்டியை இழுக்கமாட்டார்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் படிக்கிற பிள்ளை என்றால் சில சீட்டுகளை மலையாளத்தில் எழுதுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து வருகிற அண்ணன் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கலாம்.

குடில் வைக்கிற வீட்டில் இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. குடில் பொம்மைகளை ஒரே நாளில் அடுக்காமல் காலண்டரோடு சேர்த்துவிடுங்கள். முதல் வாரம் குடிலைக் கட்டுவது: ஒரு நாள் கம்பு, ஒரு நாள் கூரை, ஒரு நாள் வைக்கோல். பிறகு சீட்டில் “ஆட்டுக்குட்டி” என்று வந்தால் அலமாரியிலிருந்து ஆட்டுக்குட்டி வரும். மாடு, கழுதை, இடையர், சூசை, மரியாள் என்று போய் 24 இரவு பாலன் இயேசு. மூன்று ஞானிகளைக் கதவு எண்ணிக்கைக்காகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அறையின் அந்த மூலையிலிருந்து நடக்கவிடுங்கள். அவர்கள் திருக்காட்சித் திருநாளான ஜனவரி 6-இல்தானே வந்து சேரவேண்டும். எந்தக் கடையிலும் இதைவிட நல்ல காலண்டர் கிடைக்காது, செலவும் கிடையாது.

எந்த நாளுக்கு எது

நிரப்புவதற்கு முன்னால் டிசம்பர் நாட்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 3-ஆம் தேதி சவேரியார் திருநாள், நாகர்கோவில் கோட்டாற்றில் பத்து நாள் திருவிழா முடிகிற நாள். குமரி மாவட்டத்தில் வழக்கமாக உள்ளூர் விடுமுறை விடுவார்கள். பிள்ளை வீட்டில் இருக்கும், நேரம் எடுக்கும் சாமானை அன்றைக்கு வைக்கலாம். 6-ஆம் தேதி புனித நிக்கோலாஸ், கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலக் கதையே அவர்தான். ஐரோப்பாவில் பல ஊர்களில் அன்று பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள், நம் பெட்டியிலும் அன்று மிட்டாய் இருக்கட்டும்.

நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பக்கம் கேரளப் பள்ளிகளிலும் அப்போதுதான் கிறிஸ்துமஸ் பரீட்சை. தேர்வுக் காலையில் கதவு திறப்பது வேண்டாம். புதிரோ பொம்மையோ வந்தால் பிள்ளையின் கவனம் முழுக்க அதில் போய்விடும். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து கைகால் கழுவியதும் திறப்பது என்று அந்த வாரத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குத் தேர்வு நாளுக்குக் கொஞ்சம் பெரிய சாமானாகவே வையுங்கள், பாவம். 24-க்கு மிகப் பெரியது, அது எழுதாத சட்டம். மற்றபடி பெரிதும் சிறிதுமாகக் கலந்து போங்கள், தினமும் கூடிக்கொண்டே போனால் 20-ஆம் தேதிக்குள் உங்கள் பர்ஸ் காலி.

மாட்டுவதும் விதிகளும்

டிசம்பர் நமக்கு மழைக்காலத்தின் வால். காகிதக் காலண்டரை வெளிச்சுவரில் மாட்டினால் நாலு நாளில் அட்டை வளைந்து கதவுகள் தானாக வாயைப் பிளக்கும். வீட்டின் உள்பக்கச் சுவரில், பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். சின்னத் தம்பி இருந்தால் பெரியவரின் தோள் உயரம். அடுப்படியும் வராந்தாவும் வேண்டாம்.

எப்போது திறப்பது என்று ஒரே நேரம் வையுங்கள். பல் தேய்த்த பிறகு, அல்லது ராத்திரி ஜெபம் முடிந்ததும். ஜெபத்தோடு சேர்ப்பதில் ஒரு லாபம், பிள்ளைகளைக் கூப்பிடவேண்டிய வேலை மிச்சம். ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரண்டு திறக்கலாம், தண்டனை ஒன்றும் வேண்டாம். முன்கூட்டியே எட்டிப் பார்த்துவிட்டால்? காகிதக் கதவில் நகம் வைத்த தடம் தெரியும். கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள். தீப்பெட்டி என்றால் ராத்திரி எல்லாரும் தூங்கியபிறகு மறுநாளுக்கு உரியதை மட்டும் வைத்தால் எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. மாதம் முழுக்கத் தினமும் ஒரு வேலை கூடும், அவ்வளவுதான்.

மிச்சம் விற்கும் ஜனவரி

ஜனவரி முதல் வாரத்தில் கடைகளில் விற்காத காலண்டர்களை விலை குறைத்துத் தள்ளுவார்கள். சாக்லேட் உள்ளதைத் தொடாதீர்கள். படம் மட்டும் உள்ள காகிதக் காலண்டரில் 1 முதல் 24 வரை எண் மட்டும்தான் இருக்கும், கிழமை இருக்காது. அதனால் எந்த வருடமும் செல்லும். வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கரையான் ஏறாத உயரத்தில், நட்சத்திரப் பெட்டியோடு சேர்த்துப் பரணில் போட்டுவையுங்கள். ஏற்கெனவே திறந்து முடித்த காலண்டரையும் எறியவேண்டாம். கதவுகளை அழுத்தி மூடி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் வைத்தால் படிந்துவிடும். அடுத்த நவம்பரில் ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் ஒரு பொட்டு பசை வைத்து, உள்ளே இருக்கும் படத்தின்மேல் பிள்ளைக்குத் தெரியாமல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் புதுக் காலண்டர் தயார்.